மிதக்கும் நேரம்

அத்தியாயம் பதினொன்று

திரையை விலக்கியபோது எதிர்வீட்டைக் காணோம். பக்கத்து மாடியையும் காணோம். எங்கோ ஒரு சைக்கிள் மணி கேட்டது; சைக்கிளும் இல்லை, ஓட்டியவரும் இல்லை. தெரு முழுக்க யாரோ பாலைக் கொட்டி வைத்ததுபோல் வெள்ளை.

பெரியவள் ஜன்னல் கண்ணாடியில் நெற்றியைப் பதித்து நின்றாள். தூக்கத்திலும் கட்டங்களும் அம்புக்குறிகளும் ஓடிக்கொண்டே இருந்தன. இந்தக் கட்டம் முடிந்தால் அந்தக் கட்டம், அது முடிந்தால் அடுத்தது. ஒரு மாதமாக அவள் வரைந்த அந்தப் படத்தில் எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. மூடுபனிக்கு இல்லை.

"இன்னிக்குன்னு பாத்து இப்படி எறங்கியிருக்கே" என்றாள் அம்மா, பின்னால் வந்து. கையில் காபி. "வண்டிங்க எப்படிப் போகும்?"

"மெதுவா."

பெரியவளின் தொழில் வேலைகளை வரிசைப்படுத்துவது. எது முன்னால், எது பின்னால், எது தாமதித்தால் மொத்தமும் தாமதிக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்வாள். இப்போது ஒரு பெரிய மருத்துவமனையைப் பூங்காவின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துப் புதுக் கட்டடத்துக்குக் குடிமாற்றும் பொறுப்பு அவளிடம். பிரிவு பிரிவாக எல்லாம் போய்விட்டது. இன்று கடைசி. குறைமாதத்தில் பிறந்து, இன்குபேட்டர் என்ற கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சுப் பழகிக்கொண்டிருக்கும் குழந்தைகள்.

அந்தப் பிரிவின் தலைமைச் செவிலி அவளுடைய தங்கை. மருத்துவமனையில் எல்லோருக்கும் சின்னவள் 'சிஸ்டர்'. ஒரு வாரமாகப் பெரியவளுக்கு மட்டும் இல்லை. அக்காவோடு பேச்சை நிறுத்தியிருந்தாள்.

காரணம் இந்தக் குடும்பத்தைத் தொடர்ந்து வருபவர்களுக்குத் தெரியும். நாடக அரங்குக்கு உடை தைக்கும் அம்மாவிடம், அரங்குக்குப் பக்கத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், "மிச்ச நாளை என்னோட கழிக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டார். அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு. அப்பா போய் வெகுகாலம். பெரியவள் கல்யாணம் வேண்டாமென்று அம்மாவோடு இருக்கிறாள். சின்னவளுக்குக் கணவனும் வீடும் உண்டு. "இந்த வயசுல இதென்ன கூத்து? துணை வேணும்னா எங்க வீட்டுக்கு வந்துடு" என்று அவள் குதித்தாள். பெரியவள் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காததே பெரிய குற்றமாகிவிட்டது.

அம்மாதான் வழி சொன்னாள். "ஆபீஸ்ல ஊருக்கெல்லாம் முடிவெடுத்துக் குடுக்கற. எனக்கும் ஒரு கணக்குப் போட்டுக் குடேன்."

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. மூன்று வழி: இங்கேயே இருப்பது, சின்னவள் வீட்டுக்குப் போவது, கண்ணாடிக்காரரோடு போவது. எது நல்லது என்று நேராகக் கேட்டால் யாருக்கும் பதில் வராது. அதனால் முதலில், வாழ்க்கையில் எது எதற்கெல்லாம் மதிப்பு என்று கேட்க வேண்டும். அம்மா தையலைச் சொன்னாள், மன அமைதியைச் சொன்னாள், பேச்சுத்துணையைச் சொன்னாள், பிள்ளைகள் பக்கத்தில் இருப்பதைச் சொன்னாள். பிறகு இரண்டிரண்டாக எதிரெதிரே நிறுத்தி, இதைவிட இது எவ்வளவு பெரிசு என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். பதில்களிலிருந்து ஒவ்வொன்றின் எடையும் தானாக வெளியே வரும்.

வரவில்லை. துணையைவிட அமைதி பெரிசு என்றாள் அம்மா. பிள்ளைகளைவிடத் துணை பெரிசு என்றாள். அப்படியானால் பிள்ளைகளைவிட அமைதி பெரிசாகத்தானே இருக்க வேண்டும்? இல்லை, அமைதியைவிடப் பிள்ளைகள் ரொம்பப் பெரிசு என்றாள். பதில் தன் வாலைத் தானே கடித்துக்கொண்டு சுற்றியது. பதில்கள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றனவா என்று பார்க்க அந்த முறையிலேயே ஒரு சோதனை உண்டு. அம்மா அதில் தேறவில்லை.

"என் கணக்கு என்னாச்சு?" என்றாள் அம்மா, காபியை நீட்டியபடி. "சாயங்காலம் வந்து சொல்றேன்னு அவர்கிட்ட சொல்லியிருக்கேன்."

"இன்னும் முடியலம்மா."

"நான் ஏதாச்சும் தப்பா சொல்லிட்டனா?"

"நீ களைப்பா இருந்திருப்ப" என்றாள் பெரியவள்.

---

பழைய கட்டடம் பாதி கனவுபோல் இருந்தது. கட்டில்கள் போன இடத்தில் தரை மட்டும் பளிச்சென்று சதுரம் சதுரமாக வெளுத்திருந்தது. நடந்தால் காலடி தனக்குத்தானே பதில் சொன்னது. எல்லோரும் போன பிறகும் ஒரே ஒரு அறையில் மட்டும் வெளிச்சமும் சூடும் இருந்தன. கண்ணாடிப் பெட்டிகள் வரிசையாக, ஒவ்வொன்றிலும் ஒரு உள்ளங்கை அளவு உயிர்.

சின்னவள் ஒரு பெட்டியின் வட்டத் துவாரத்துக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றாள். அக்காவைப் பார்த்தாள். பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

வாக்கி-டாக்கி கரகரத்தது. வண்டிப் பொறுப்பாளர். "அட்டவணை மேடம், வெளிவட்டச் சாலையில முன்னாடி போற வண்டியோட பின்விளக்குகூட தெரியல. ஆம்புலன்ஸ ஊர்ந்துதான் ஓட்டணும். நின்னு நின்னு போகணும். குலுக்கும்."

அடுத்தது புதுக் கட்டடத்திலிருந்து. அங்கே குழந்தைகள் போய்ச் சேரும் அறையில் ஆக்சிஜன் குழாயைக் கடைசியாகச் சோதிக்க வேண்டும். சோதிக்கிறவர்கள் பனியில் மாட்டிக்கொண்டு இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

பெரியவளுக்கு உடனே படம் கண்ணுக்குள் நகர்ந்தது. அந்தச் சோதனை கொஞ்சம் பின்னால் போனாலும் பாதகமில்லை என்றுதான் வைத்திருந்தாள். அப்படி ஒரு வேலைக்குக் கிடைக்கும் தாராளத்தை அவர்கள் தொழிலில் ஃப்ளோட் என்பார்கள். அவள் மனசுக்குள் அதற்கு மிதக்கும் நேரம் என்று பெயர். அதில் இருக்கும் வரை வேலை தண்ணீரில் இலைபோல் நகரலாம், ஒதுங்கலாம், யாருக்கும் வலிக்காது. இப்போது அந்தத் தண்ணீர் வற்றிவிட்டது. இனி சோதனை, பயணம், அங்கே இணைப்பது என்று எல்லாம் ஒரே கயிறு. எங்கே இழுத்தாலும் குழந்தைகள்மேல்தான் போய் இழுக்கும்.

தலைமை மருத்துவர் வந்தார். நெட்டை மனிதர், குனிந்தே பேசுவார். "நாளைக்குத் தள்ளிடலாமா?"

"ஆக்சிஜன் தொட்டி போயாச்சு டாக்டர். இங்க சிலிண்டர்லதான் ஓடுது. இன்னிக்கு வரைக்கும்தான் தாராளமா இருக்கு. டாக்டருங்களும் முக்கால்வாசிப் பேர் அந்தப் பக்கம்."

"அப்ப ஆம்புலன்ஸ்?"

"இன்னொரு வழி இருக்கு" என்றாள் பெரியவள். "கீழ."

பூங்காவுக்கு அடியில் ஒரு சுரங்கவழி ஓடியது. நீராவிக் குழாய்களுக்காகக் கட்டியது. சலவைத் துணி வண்டிகளை அதில் தள்ளிக்கொண்டு போவார்கள். தரை வழவழவென்று இருக்கும். குழாய்களால் உள்ளே எப்போதும் வெதுவெதுப்பு. நோயாளிகளுக்கு என்று யாரும் அதை நினைத்ததில்லை, ஏனென்றால் அந்தக் கோடியில் இருக்கும் லிஃப்டில் ஒரு கட்டில் நுழையாது. இன்குபேட்டர் நுழையும். ஒன்று.

மேசைமேல் ஒரு தாளில் அவள் கோடு போட்டாள். சாலை, சுரங்கம். குளிர், குலுக்கல், பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும், நடுவில் ஏதாவது ஆனால் டாக்டர் எவ்வளவு தூரத்தில். ஒன்றொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசியில் மட்டும் சுரங்கம் தோற்றது. நடுவழியில் ஒரு குழந்தைக்கு மூச்சு நின்றால் இரண்டு பக்கமும் தூரம்.

"அந்த ஒண்ணே மத்ததையெல்லாம் அடிச்சிடும்" என்றார் டாக்டர்.

"அடிக்கட்டும். மத்ததுல ஜெயிச்சத வெச்சு இத ஈடு கட்ட வேண்டாம். இதையே மாத்திடலாம். நடுவுல நீங்க நில்லுங்க. மருந்து, மூச்சுக்கருவி எல்லாத்தோடயும்."

டாக்டர் யோசித்தார். சின்னவள் கையை மெல்ல வெளியே எடுத்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அக்காவைப் பார்த்துப் பேசினாள்.

"உன் தாள்ல ஒண்ணு விட்டுப்போச்சு."

"என்ன?"

"அம்மாங்க. ஆம்புலன்ஸ்ல இவங்களுக்கு இடம் கெடையாது. பின்னாடி வேற வண்டில வரணும். அந்த நேரம் பூரா இவங்க உசுரு இவங்ககிட்ட இருக்காது. கீழ நடந்தா கூடவே வரலாம்."

பெரியவள் இன்னொரு வரி எழுதினாள். அதற்கு எவ்வளவு எடை என்று தங்கையிடம் கேட்கவில்லை. தங்கையின் முகத்திலேயே இருந்தது.

---

சுரங்கத்துக்குள் வேறொரு உலகம். மேலே பூங்காவும் மரங்களும் அந்த வெள்ளையும் இருக்கின்றன என்பதே மறந்துபோனது. குழாய்களுக்குள் நீராவி தூக்கத்தில் முனகும் பெரிய விலங்குபோல் ஓடியது. விளக்குகள் தள்ளித் தள்ளி எரிந்தன. ஒவ்வொரு விளக்கின் கீழும் பெட்டி ஒரு கணம் ஒளிர்ந்து, மறுபடி மங்கி, மறுபடி ஒளிர்ந்தது. யாரும் உரக்கப் பேசவில்லை. கோயிலுக்குள் நுழைந்தவர்கள்போல் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

லிஃப்டில் ஒன்றுதான் ஏறும். ஆகவே லிஃப்ட்தான் தாளம் போட வேண்டும். முன்னால் போன பெட்டி டாக்டரைத் தாண்டிய பிறகே அடுத்தது கிளம்பும் என்று பெரியவள் வைத்தாள். சீக்கிரம் கிளம்பினால் அந்தக் கோடியில் வரிசையில் நிற்க வேண்டிவரும். நின்றால் பேட்டரி கரையும்.

முதல் பெட்டி போனது. இரண்டாவது போனது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு தாய், கண்ணாடிமேல் கை வைத்தபடி.

பிறகு லிஃப்ட் வரவில்லை.

சுரங்கத்தில் சிக்னல் இல்லாமல் வாக்கி-டாக்கி செத்துக் கிடந்தது. மூன்றாவது பெட்டி கதவுக்கு முன்னால் நின்றது. அதில் இருந்த பெண்குழந்தைதான் எல்லாவற்றையும்விடச் சிறியது. பொத்தானை எத்தனை அழுத்தினாலும் மேலே எங்கோ விளக்கு ஒரே தளத்தில் நின்றது. பெட்டியின் பேட்டரிக் கோடு ஒரு படி இறங்கியது.

"போக்கா" என்றாள் சின்னவள். குரலில் பதற்றமில்லை. கை ஏற்கெனவே துவாரத்துக்குள் போய் அந்தச் சின்ன முதுகை அணைத்திருந்தது. "நான் பாத்துக்கறேன். நீ போ."

பெரியவள் படிகளில் ஓடினாள். அவள் ஓடி வெகுகாலம் ஆகியிருந்தது. மேல் தளத்தில் லிஃப்ட் கதவு திறந்தே கிடந்தது. குறுக்கே ஒரு துணிவண்டி. ஊழியர் ஒருவர் சாவகாசமாகப் போர்வை மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார். லிஃப்டைக் குழந்தைகளுக்கு விட்டுவிட வேண்டும் என்று காலையில் சொன்ன செய்தி இவரை வந்தடையவில்லை.

"கீழ குழந்தை" என்றாள். அவ்வளவுதான் மூச்சு வந்தது.

அவர் வண்டியைத் தூக்கியே எறிந்துவிட்டார் என்று சொல்லலாம்.

அவள் லிஃப்டோடு கீழே இறங்கினாள். கதவு திறந்தபோது சின்னவள் அதே நிலையில் நின்றாள். மெல்ல ஏதோ முனகிக்கொண்டிருந்தாள், மெட்டு என்று சொல்ல முடியாத ஒன்று. குழந்தை கண்ணைத் திறந்து வைத்திருந்தது.

அதன் பிறகு அந்தத் துணி ஊழியரே லிஃப்டின் காவல்காரர் ஆனார். ஒருத்தரையும் கிட்டே விடவில்லை.

கடைசிப் பெட்டியை அக்காவும் தங்கையுமாகத் தள்ளினார்கள். பக்கத்தில் நடந்த இளம்பெண் பிரசவித்துச் சில நாட்கள்தான் ஆகியிருந்தது. காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தாள்.

"சக்கர நாற்காலி வரவழைக்கட்டுமா?" என்று பெரியவள் கேட்டாள். "உங்களுக்கு நடக்கக் கஷ்டமா இருக்கா?"

"இவனுக்கு ஒண்ணும் குளிரலியே?"

"உங்களுக்கு. உங்களுக்குக் கஷ்டமா இருக்கான்னு கேட்டேன்."

அந்தப் பெண் கேள்வியே புரியாதவள்போல் பார்த்தாள். "இவன் நல்லா தூங்கறான்" என்றாள்.

பெரியவளின் கை பெட்டியின் விளிம்பில் அப்படியே நின்றது. சக்கரங்கள் ஓடின, கால்கள் ஓடின, அவள் மட்டும் எங்கோ நின்றுவிட்டாள். இரண்டு தடவை கேட்டும் தன்னைப் பற்றி இந்தப் பெண் பதில் சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை.

"என்னக்கா?"

"அம்மாவோட கணக்கு" என்றாள் பெரியவள். "ஒட்டாம சுத்திச் சுத்தி வந்துது. களைப்புன்னு நெனச்சேன். களைப்பு இல்ல. பிள்ளைங்கன்னு வர்ற எடத்துல மட்டும்தான் இடிக்குது. அங்க அவ தனக்காகப் பதில் சொல்லல."

"எனக்காகவா?"

"உனக்கென்ன? உனக்குத்தான் வீடு நெறைய ஆள் இருக்கே."

சின்னவள் பெட்டியைத் தள்ளிக்கொண்டே வந்தாள். ஒரு விளக்கு அவர்களைக் கடந்து போனது. இன்னொன்று.

"நீ என்ன சொல்லப் போற?" என்றாள் பிறகு.

"என்னை எடுத்துட்டுக் கணக்கப் போடச் சொல்வேன்."

"அவ்ளோ சுலபமா?"

"சுலபம்னு யார் சொன்னா?" என்றாள் பெரியவள். அதற்குள் லிஃப்ட் கதவு திறந்தது.

மேலே புது அறையில் கடைசி இணைப்பைப் பொருத்தியதும் திரையில் பச்சைக் கோடு அலையலையாக எழுந்தது. டாக்டர் நிமிர்ந்து நின்றார். அவர் இவ்வளவு உயரம் என்று அன்றுதான் பலருக்குத் தெரிந்தது. சின்னவள் முகமூடியைக் கழற்றி, அக்காவின் தோளில் சாய்ந்துகொண்டாள். "வீட்டுக்கு நானும் வரேன்" என்றாள்.

---

பனி இன்னும் முழுசாகப் போகவில்லை. மதியம் தாண்டியும் மரங்களின் இடுப்பில் சுற்றிக்கொண்டு கிடந்தது.

அம்மா தைத்துக்கொண்டிருந்தாள். ஏதோ ராணிக்கான நீல அங்கி, அறை முழுக்க ஆறுபோல் வழிந்தது. பெரியவள் அதை மிதிக்காமல் சுற்றி வந்து அம்மாவின் எதிரே தரையில் உட்கார்ந்தாள். சின்னவள் கதவோரம் நின்றாள்.

"அம்மா, நான் கேட்டதெல்லாம் உன்னப் பத்தி. நீ என்னப் பத்திப் பதில் சொல்லியிருக்க."

ஊசி நின்றது.

"நீ போயிட்டா நான் ஒண்டியா இருப்பேன்னு பிள்ளைங்க பக்கம் எடை போட்டுட்ட. அதான் கணக்கு நிக்கல."

"எடை போடலடி" என்றாள் அம்மா மெல்ல. "அது தானா வந்து உக்காந்துக்குது. நான் என்ன பண்ண?"

"நான் தனியா இருந்துக்குவேன். பயமாத்தான் இருக்கும். அது என் கணக்கு. நான் போட்டுக்கறேன். உன்னுதுல சேக்காத."

அம்மா வெகுநேரம் நீலத் துணியைத் தடவிக்கொண்டிருந்தாள். "சரி, கேளு" என்றாள் கடைசியில். "மறுபடி மொதல்லேருந்து கேளு."

பெரியவள் கேட்டாள். ஒவ்வொரு பதிலுக்கும் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். துணை என்று வந்தபோது அவள் முகத்தில் பெரியவள் இதுவரை பார்த்தேயிராத ஒரு வெட்கம் வந்து போனது. பாதியிலேயே கணக்கு முடிந்துவிட்டது. பெருக்கவும் கூட்டவும் ஒன்றும் மிச்சமில்லை.

அம்மா எழுந்தாள். தலையை வாரிக்கொண்டாள். மேல்கோட்டை மாட்டும்போது ஒரு கையை வேறெங்கோ நுழைத்துத் தடுமாறினாள். சின்னவள் வந்து சரிசெய்தாள்.

அம்மா போன பிறகு இருவரும் சமையலறையில் உட்கார்ந்தார்கள். இன்று பிழைத்த குழந்தையைப் பற்றிப் பேசினார்கள். துணி ஊழியரை நினைத்துச் சிரித்தார்கள். ஆனால் சின்னவளின் சிரிப்பு ஒவ்வொரு முறையும் சீக்கிரமே நின்றது. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா இருட்டுவதற்கு முன்பே வந்துவிட்டாள். தலைமுடியில் ஈரம் மணிமணியாக.

"சரின்னு சொன்னேன்" என்றாள்.

பெரியவள் எழுந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். கை சில்லென்று இருந்தது.

"அவர்தான் சரின்னு சொல்லல."

"என்னம்மா சொல்ற?"

அம்மா சின்னவளைப் பார்த்தாள். கோபமாக இல்லை. "போன வாரம் நீ கடைக்குப் போனியாமே. நான் வந்துட்டா அக்காவுக்கு யாரும் இல்லன்னு சொல்லிட்டு வந்தியாமே."

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். கோப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். "கோவத்துல போனேன்" என்றாள். "அவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லல. உக்காருங்கம்மான்னார்."

"அது அவர் மனசுல தங்கிப்போச்சு" என்றாள் அம்மா, பெரியவளிடம் திரும்பி. "ஒருத்தரத் தனியா ஆக்கிட்டு எனக்கு ஒரு துணை வேண்டாங்கறார். உன்கிட்ட நேர்ல கேக்காம முடியாதாம். நான் எவ்ளோ சொன்னாலும் கேக்கல. கீழதான் நிக்கறார். மேல வாங்கன்னா, அவங்க கூப்பிட்டாத்தான் வருவேங்கறார்."

அறையில் அடுப்பு மட்டும் மெல்லச் சீறியது. சுலபம்னு யார் சொன்னா என்று தங்கையிடம் கேட்டது தன் குரல்தானா என்று பெரியவளுக்குச் சந்தேகமாக இருந்தது. தன் கணக்கைத் தானே போட்டுக்கொள்வதாகச் சொல்லியாயிற்று. அதற்கு இவ்வளவு சீக்கிரம் ஆள் வந்து வாசலில் நிற்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கினாள். கீழ்க்கதவைத் திறந்ததும் பனி முகத்தில் வந்து ஒட்டியது. அவர் சுவரோரம் நின்று, ஈரம் படர்ந்த மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். அது இல்லாமல் அவர் முகம் வேறொருவருடையதுபோல் இருந்தது, சிறுபிள்ளைத்தனமாக, கொஞ்சம் பயந்து.

காலடிச் சத்தம் கேட்டு, தலை நிமிராமலே, வந்தது அம்மா என்று நினைத்துக் கேட்டார்:

"உங்க பெரிய பொண்ணு அழுதாங்களா?"